சோறும் சொல்லாடலும்: புது மாணவரின் செலவுக் கணக்கை வாசித்தல்

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு தமிழ்த் தினசரிகளில் ஒருவகைக் கதை அச்சாகத் தொடங்கிவிடும். அரசுப் பள்ளி மாணவி; 600க்கு இவ்வளவு மதிப்பெண்; அப்பா கல்குவாரியில் வேலை, அம்மா பூக்கட்டி விற்கிறார். ஓட்டுவீட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்த படம். கடைசிப் பத்தியில், உதவும் உள்ளங்களை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார் என்கிற வாக்கியம். வருஷா வருஷம் பெயரும் ஊரும் மாறும், கதை மாறாது. ருஷ்ய நாட்டார் கதைகளின் அமைப்பை விளாதிமிர் ப்ராப் 1928இல் பிரித்துக் காட்டியதுபோல இவற்றையும் பிரித்துவிடலாம்: குறைபாடு, சோதனை, கொடையாளர் தோன்றுதல், வெகுமதி. கொடையாளர் சில சமயம் நடிகர், சில சமயம் மாவட்ட ஆட்சியர், சில சமயம் நகைக்கடை முதலாளி.

இந்தக் கதை எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சீட் கிடைத்தது, கட்டணம் கட்டியாயிற்று, சுபம். அதற்கப்புறம் அந்தப் பெண் எங்கே தங்கினாள், காலையில் என்ன சாப்பிட்டாள், முதல் மாத மெஸ் பில் வந்தபோது யாருக்குப் போன் போட்டாள் என்பதெல்லாம் கதைக்கு வெளியே. 2024இல் உத்தரப்பிரதேசத்துத் தலித் இளைஞர் ஒருவர், கூலித் தொழிலாளியின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், செப்டம்பர் 30 அன்று அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவு வந்தது. நல்ல தீர்ப்புதான். நாட்டிலுள்ள எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆனால் பாருங்கள், அந்தச் செய்திகளில் எல்லோர் மனதிலும் நிற்பது 17,500 என்ற ஒரே எண். நான்கு வருஷத்துக்கு அந்தப் பையன் சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்கு எண் இல்லை.

ஏன் இல்லை? கல்விக் கட்டணம் என்பது கௌரவமான தொகை. அதற்கு ரசீது உண்டு, வங்கிச் சலான் உண்டு, அரசாணை உண்டு, அதை எதிர்த்துப் போராட்டமும் உண்டு. சோறு, பாய், சோப்பு, பஸ் காசு, ஜெராக்ஸ் காசு இவற்றுக்கெல்லாம் 'இதர செலவுகள்' என்று பெயர். அறிவு × உடல் என்ற பழைய எதிர்வு இங்கே ரசீதுப் புத்தகத்தின் வடிவில் வேலை செய்கிறது. அறிவுக்கான செலவு பொதுவிவகாரம், அரசு பேசலாம், கட்சி பேசலாம். உடம்புக்கான செலவு அவனவன் வீட்டுப்பாடு. வீட்டில் நெல் குதிர் இருந்தவர்கள் வகுத்த பிரிவினை இது; இப்போது அது எல்லோருக்கும் சட்டமாகியிருக்கிறது. நம்முடைய இலக்கிய விமர்சனமும் இந்தப் பிரிவினைக்குள் நின்றுகொண்டுதான் இத்தனை நாளும் எழுதியிருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் புது மாணவர் எழுதும் பிரதியைப் பார்ப்போம். அது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதப்படுவது. ஹாஸ்டல் அட்வான்ஸ், மெஸ் டெபாசிட், பக்கெட், ஜக்கு, பூட்டு, தலையணை, கொசுவத்தி, ரெக்கார்டு நோட்டு, ஊருக்குப் போக வர பஸ் சார்ஜ், போன் ரீசார்ஜ். பக்கத்தில் அப்பா அனுப்பக்கூடியது என்று ஒரு தொகை. கழித்துப் பார்த்தால் மீதி எப்போதும் மைனஸில் நிற்கும். உடனே ஒரு வரியை அடித்துவிட்டு (அநேகமாகக் காலைச் சாப்பாடு) மறுபடி கூட்டிப் பார்ப்பது. எந்த நூலகத்திலும் சேகரிக்கப்படாத, கையெழுத்திடப்படாத இந்தப் பிரதியில்தான் முதல் தலைமுறை மாணவரின் கல்லூரி வாழ்க்கை தொடங்குகிறது.

இந்தக் கணக்கின் ஆதார உணர்வு பயம். அதைப் 'பணமில்லாத பயம்' என்று சுருக்கிவிடக் கூடாது. பணமில்லாமல் இருப்பது இவர்களுக்குப் பழக்கமான விஷயம், அதோடு குடித்தனம் நடத்தத் தெரியும். தெரியாதது எதுவென்றால், எப்போது எவ்வளவு கேட்பார்கள் என்பது. விவரக்குறிப்பேட்டில் கல்விக் கட்டணம் ரூபாய் பைசாவோடு அச்சாகியிருக்கும். மற்றவற்றுக்கு 'அவ்வப்போது அறிவிக்கப்படும்' என்று ஒரு வரி. வீட்டில் ஏற்கெனவே கல்லூரிக்குப் போன அண்ணனோ சித்தப்பாவோ இருந்தால் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லிவிடுவார்: "மொதல் மாசம் இவ்ளோ ஆகும், ரெண்டாவது மாசம் கொறையும், டிபார்ட்மென்ட் டூருக்குத் தனியா எடுத்து வை." பிரான்சில் 1964இல் பியர் பூர்தியூவும் பாஸ்ரோனும் சேர்ந்து எழுதிய நூலுக்கு 'வாரிசுகள்' என்று பெயர் வைத்தார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் பண்பாட்டுச் சொத்துக்கு வாரிசாக வருகிறார்கள் என்றார்கள். நம்மூரில் பூர்தியூவை மேற்கோள் காட்டும் நண்பர்கள் அதை இசை, ஓவியம், ஆங்கில உச்சரிப்பு என்றே விளக்குவது வழக்கம். மெஸ் பில் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதும் அந்தச் சொத்தில் சேர்ந்ததுதான். பூர்தியூவே அஞ்சல் ஊழியரின் மகன், விடுதிப் பள்ளியில் அல்லற்பட்டவர். அதைப் பற்றிக் கடைசிக் காலத்தில் எழுதியும் இருக்கிறார்.

இனி மெஸ் பில். பெரும்பாலான விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று சொல்வார்கள். அந்த மாதம் அரிசி, பருப்பு, காய், பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் 'ஒரு நாள் ரேட்' வரும். அதை நீங்கள் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். பார்வைக்கு இதைவிட ஜனநாயகமான ஏற்பாடு கிடையாது. எல்லோருக்கும் ஒரே ரேட். நடைமுறையில் நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை சிக்கன் வேண்டும், தோசைக்கு மூன்று சட்னி வேண்டும் என்று மெஸ் கமிட்டியில் கை தூக்குகிறவர்கள் ரேட்டை ஏற்றுகிறார்கள். ஏறிய ரேட்டைக் கழித்துக் கழித்துப் பார்க்கிறவன் கமிட்டிக் கூட்டத்துக்கே வருவதில்லை. அவன் வந்து "சட்னி ஒண்ணு போதும்" என்று சொன்னால் அது வெறும் அபிப்பிராயமாக இருக்காது, அவனைப் பற்றிய வாக்குமூலமாகிவிடும். வகுத்தல் எல்லோரையும் சமமாக்கிவிட்டதால் ஏழ்மையைச் சொல்வதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லாமல் போகிறது.

'மெஸ் கட்' என்று இன்னொரு சொல் உண்டு. தொடர்ந்து சில நாட்கள் விடுதியில் சாப்பிடமாட்டேன் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் கணக்கில் கழியும். வீட்டுக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்ட விதி. ஆனால் அதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள். ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அறையிலேயே இருப்பார்கள். சென்னையில் 2013இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மெஸ் கட் போட்ட மாணவர்கள் வரிசையில் நிற்பதைச் சென்னை விடுதிகளின் பக்கத்தில் குடியிருந்த யாரும் பார்த்திருக்கலாம். அரசியல் விமர்சகர்கள் அந்த இட்லியைக் கவர்ச்சித் திட்டம் என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அது ஒரு உயர்கல்வித் திட்டமாகவும் நடந்துகொண்டிருந்தது.

நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரி விடுதியில் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை மாதம் பிறந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பெயர், வகுப்பு, அறை எண், தொகை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அந்தப் பலகை. தட்டை எடுத்துக்கொண்டு அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஃபூக்கோ சிறையைப் பற்றியும் கண்காணிப்பைப் பற்றியும் எழுதியதை வகுப்பில் படித்துவிட்டு வந்து அந்தப் பலகையின் கீழே நிற்போம். செமஸ்டர் நெருங்கியதும் 'நோ டியூஸ்' கையெழுத்து இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை என்பார்கள். சாப்பிட்ட சோற்றுக்கான பாக்கி, எழுத வேண்டிய தேர்வைத் தடுக்கிறது. அறிவு வேறு, வயிறு வேறு என்று ரசீதில் பிரித்து எழுதிய அதே நிர்வாகத்துக்கு, வசூல் என்று வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

சம்பாதித்துக் கட்ட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சம்பாதிக்கத்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் முகூர்த்த நாள் என்பது ஒரு பொருளாதார வகை. முந்தின நாள் ராத்திரியே "நாளைக்கு மண்டபத்துல ஆள் வேணும், இருபது பேர்" என்று வாட்ஸப்பில் செய்தி வரும். தொப்பியும் டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறப் போவார்கள். 'கேட்டரிங் போறது' என்று பெயர். கூலியோடு ஒரு வேளை வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும் என்பதால் போகிறவர்களும் உண்டு. மறுநாள் முதல் பீரியடில் இருக்கை காலி. 75 விழுக்காடு வருகைப்பதிவுக்குக் குறைந்தால் 'காண்டொனேஷன்' கட்டணம் கட்டித்தான் தேர்வெழுத முடியும். மெஸ் பில்லுக்காக வேலைக்குப் போனதற்கு அபராதம், அபராதத்துக்காக மறுபடி வேலை. சோம்பேறித்தனம் என்று பேராசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வது இந்தச் சுழற்சியைத்தான். பெண்களுக்கு இந்த வழியும் அடைபட்டது. விடுதி கேட் மாலை ஆறு மணிக்கே சாத்திவிடும். ஆகவே அவர்கள் கணக்கில் வரவு என்ற பக்கமே கிடையாது, வெட்டுவதற்குச் செலவு மட்டும்தான் உண்டு.

தமிழ் இலக்கியம் இந்தக் கணக்கை எப்படி எழுதியிருக்கிறது? உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவர் ஒருவரின் சாப்பாட்டு ஏற்பாடு பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய நூல் தமிழில் குறைவு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் சேரும்போதே ஆகாரத்துக்கு என்ன வழி என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளை வேளாளர், மாணவர் பார்ப்பனர். ஆசிரியர் வீட்டில் மாணவர் சாப்பிட முடியாது. ஆகவே பாடம் ஒரு வீட்டில், சோறு இன்னொரு வீட்டில். பிறகு திருவாவடுதுறை மடம் வந்து பல பிரச்சினைகளைத் தீர்த்துவிடுகிறது. இதை நாம் எப்படி வாசித்தோம்? ஆசிரியப் பக்தி, தமிழ்ப் பற்று, வறுமையிலும் கலங்காத உள்ளம். பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. மடம் என்ற பெரும் நில உடைமை நிறுவனம் யாருக்குச் சோறு போட்டது, யாருக்குப் போடவில்லை, அதனால் யார் தமிழ் படிக்க முடிந்தது என்ற கேள்வி அந்த நூலிலேயே கிடக்கிறது. சாமிநாதையர் மறைக்கவில்லை. வாசித்தவர்கள் மறைத்தார்கள்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதில் விடுதி வருகிறது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் சோறில்லாமல் இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்று எல்லார் முன்பாகவும் சொல்லும் விடுதிக் காப்பாளர் வருகிறார். சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருந்தும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைப் பாமா சொல்லாமல் விடுவதில்லை. கல்லூரி விழாவுக்கு உடுத்திக்கொள்ள நல்ல சேலை இல்லாததால் குளியலறைக்குள் போய் மறைந்துகொள்ளும் இடமும் உண்டு. மேற்படி பென்சில் கணக்கில் எந்த வரியிலும் வராத செலவு அது. 'கருக்கு' வந்த காலத்தில் நடந்த விவாதங்களை எடுத்துப் பாருங்கள். பேச்சுமொழியில் எழுதியது சரியா, தன்வரலாறா நாவலா, தலித் தன்னிலை எப்படிக் கட்டமைக்கப்படுகிறது, கத்தோலிக்க நிறுவன விமர்சனம், இப்படிப் போயின. எல்லாம் அவசியமான விவாதங்கள்தான். ஆனால் அந்தச் சேலைக்கான காசு எங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று கேட்ட கட்டுரை என் கண்ணில் படவில்லை. அவமானத்தை வாசித்தோம், அதன் விலையை வாசிக்கவில்லை. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) தலைப்பிலேயே பழைய சரித்திரத்தைச் சீண்டுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இதே வாசிப்புப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா விட்டுச்சென்ற கடிதம். நட்சத்திரங்களைப் பற்றியும், மனிதனை எண்ணாகவும் வாக்காகவும் சுருக்கிவிட்டதைப் பற்றியும் அவர் எழுதிய வரிகளைச் சுவரொட்டிகளில் அச்சடித்தோம், தமிழில் பெயர்த்தோம், கவிதை என்று சொன்னோம். அதே கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது என்றும், அதைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படியும் கேட்கிறார். ஒரு நண்பருக்குத் தரவேண்டிய நாற்பதாயிரம் ரூபாய் கடனையும் குறிப்பிட்டு, அதை அந்தப் பணத்திலிருந்து கொடுத்துவிடச் சொல்கிறார். சுவரொட்டிகளில் இந்தப் பத்தி வரவில்லை. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால்தான், 2015 அக்டோபரில், நெட் தேர்ச்சி பெறாத ஆய்வாளர்களுக்கான எம்.ஃபில். 5,000 ரூபாய், பி.எச்டி. 8,000 ரூபாய் உதவித்தொகையை நிறுத்தும் முடிவை எதிர்த்து மாணவர்கள் டெல்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தையும் இந்தக் கடிதத்தின் கணக்குப் பத்தியையும் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். கவித்துவமான பகுதியைப் பிய்த்தெடுத்துக்கொண்டு கணக்கைக் குடும்ப விவகாரமாக ஒதுக்கியது நாம் மேலே பார்த்த அதே பிரிவினைதான்.

சாதி எதிர்ப்பு இயக்கங்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை என்பது இங்கே முக்கியம். கோல்ஹாபூரில் சாகு மகாராஜ் 1901இலிருந்து சாதிவாரியாக விடுதிகளைத் திறந்துகொண்டு போனார். தீண்டப்படாதோருக்கான மிஸ் கிளார்க் விடுதி 1908இல் வந்தது. 1913இல் அமெரிக்கா போன அம்பேத்கருக்கு பரோடா மன்னர் கொடுத்தது மாதம் பதினொன்றரை பவுண்ட், மூன்று வருஷத்துக்கு. அந்தத் தவணை முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. சம்பாதித்து, மிச்சம்பிடித்து, கடனும் வாங்கிக்கொண்டு 1920இல் மறுபடி கப்பலேறினார். 1924இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையைத் தொடங்கியதும் அது முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. அவர் கல்லூரி தொடங்குவது அதற்கு இருபது வருஷம் கழித்துத்தான். படிப்பு எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று தெரிந்த ஒருவர் வேலையைத் தொடங்கிய இடம் விடுதி.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1916இல் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' தொடங்கினார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பிட இடமும் கிடைக்கவில்லை; சாப்பாட்டு விடுதிகளில் அவர்களை உள்ளே விடவில்லை. 'திராவிடர்' என்ற சொல் அரசியல் பெயராக வருவதற்கு முந்திய படிகளில் ஒன்று ஒரு மாணவர் மெஸ்ஸின் பெயர்ப்பலகை என்பதை நம் ஆய்வாளர்கள் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். அதே 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை ஆரம்பித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் சேரன்மாதேவி வருகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25இல் அதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய பிரச்சினை காங்கிரசையே உலுக்கியது. அங்கே பாடத்திட்டம் பற்றி யாரும் சண்டை போடவில்லை. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, அந்தச் சோற்றுக்குப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்பதே சண்டை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலின் பெரிய முறிவு ஒன்று மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை உடைய ஊரில் இன்றைக்கு ஒரு புது மாணவன் மெஸ் அட்வான்ஸுக்கு வழியில்லாததைத் தன் சொந்தக் குறையாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருக்கிறான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது வாய்ப்பந்தல். செய்திருக்கிறது, எந்தத் தலைப்பில் செய்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை தொழிற்படிப்புகளின் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். 2020 நவம்பரில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவர்கள் சிலர் பணம் கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் செய்திகள் வந்த பிறகே கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. விடுதிச் சோறும் படிப்பில் சேர்ந்தது என்று அரசாணை ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் யாருக்கு? டாக்டர், எஞ்சினியர் ஆகப்போகிறவர்களுக்கு. அரசுக் கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் ரத்தாகிப் பல வருஷமாகிறது. அங்கே பி.ஏ. தமிழோ வரலாறோ படிக்கச் சேரும் பிள்ளைக்குப் படிப்புச் செலவு என்பதே சோறும் இருப்பிடமும் பஸ்ஸும்தான். கட்டணமில்லாக் கல்வி என்று நாம் பெருமையடிக்கும் இடத்தில் மிச்சமிருக்கும் முழுச் செலவும் கணக்கில் வராத செலவு.

கலைக் கல்லூரிக்கும் கைக்காசாக எட்டியது 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த திட்டத்தைக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்குக்குத் திருப்பினார்கள். பையன்களுக்கு 2024இல் வந்தது. எந்த ரசீதும் கேட்காமல் மாணவர் கையில் கொடுக்கப்பட்ட பணம் என்பதால் இதை நான் மதிக்கிறேன். நாளைக்கு 33 ரூபாய்தான் வருகிறது என்பது வேறு விஷயம். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய 1,100 ரூபாயை 2023இல் 1,500 ஆக்கினார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 ரூபாய். 2025 ஜூலையில் இந்த விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றினார்கள். பெயரில் சாதி ஒட்டக்கூடாது என்பதை ஏற்கலாம். பெயர் மாறிய அறிவிப்பு எல்லாப் பத்திரிகையிலும் வந்த அளவுக்கு அந்த 50 ரூபாய் வரவில்லை.

ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில் தொடங்கியது அது. 2021இல் திருத்திய நெறிமுறைப்படி, கலை அறிவியல் பட்டப்படிப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் பராமரிப்புத் தொகை வருஷத்துக்கு 6,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் 500. முப்பதால் வகுத்தால் பதினாறு ரூபாய் சொச்சம். டிவைடிங் சிஸ்டம் தெரிந்த எந்த மாணவரும் அரை நிமிஷத்தில் போடும் கணக்கு.

2019 அக்டோபரில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருவர் தங்கும் அறையின் வாடகையை 10 ரூபாயிலிருந்து 300க்கும், தனி அறையை 20 ரூபாயிலிருந்து 600க்கும் ஏற்றினார்கள். புதிதாக மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம். மெஸ் டெபாசிட் 5,500இலிருந்து 12,000. மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது தொலைக்காட்சிகள் செய்த முதல் வேலை அந்தப் பத்து ரூபாயைக் கேலிப் பொருளாக்கியது. வரி கட்டுகிறவன் பணத்தில் பத்து ரூபாய்க்கு அறை எடுத்துக்கொண்டு முப்பது வயதுவரை படிக்கிறான் என்று. நம்மூர்த் தேநீர்க் கடைகளிலும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் 2017-18 ஆண்டறிக்கையே சேர்ந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மாதம் 12,000 ரூபாய்க்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்தவர் என்று சொல்லியிருந்தது. நான் சொல்ல வருவது இன்னொன்று. சேவைக் கட்டணத்தையும் மெஸ் டெபாசிட்டையும் துண்டுப் பிரசுரத்தில் தனித்தனி வரியாக அச்சடித்து, பழைய தொகை, புதிய தொகை, வித்தியாசம் என்று போட்டு அவர்கள் போராடினார்கள். பென்சில் கணக்கு பொதுப் பிரதியாக வெளியே வந்தது. அதைக் கேலி செய்தவர்களுக்குக் கோபம் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சோற்றுக்கணக்கைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்ற மரியாதையை அந்த மாணவர்கள் மீறிவிட்டார்கள்.

நம் மாணவர் அமைப்புகள் ஜூன் மாதம் கல்லூரி வாசல்களில் மேசை போட்டுச் சேர்க்கைக்கு உதவுகின்றன. விண்ணப்பம் நிரப்பித் தருகிறார்கள், சாதிச் சான்றிதழுக்கு வழி சொல்கிறார்கள், அதிகக் கட்டணம் வாங்கினால் எங்கே புகார் செய்வது என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நான் பார்த்த நோட்டீஸ்கள் எதிலும் அந்தக் கல்லூரி விடுதியின் போன வருஷ மெஸ் பில் இல்லை. ஜூலைக்கு இவ்வளவு, ஆகஸ்டுக்கு இவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை தவணை, மெஸ் கட்டுக்கு எத்தனை நாள் முன்னால் எழுதித் தரவேண்டும், உதவித்தொகை கையில் வந்து சேர எத்தனை மாதமாகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் யாரைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். நோட்டீஸின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.